மூன்றரை மணி அழைப்பு

மூன்றரை மணி அழைப்பை அன்று சென்னியப்பன் எடுக்கவில்லை.

வேதவல்லி மூன்று முப்பத்திரண்டுக்கு இன்னொரு முறை கூப்பிட்டாள். முப்பத்தைந்துக்கு மறுபடியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை. இருபது நாட்களாக இரண்டாவது மணிக்குள் "சொல்லுங்க மேடம்" என்று எடுத்த மனிதர். நாலாவது தடவை பதற்றத்தில் எண்ணைத் தப்பாகப் போட்டாள். இருபத்திரண்டு வருட அனுபவசாலி இப்படிப் பதறலாமா என்று கேட்பவர்கள் அவள் நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த நாற்காலி திருப்பூர் கலெக்டர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தில் அவள் மூத்த சமூகப் பணியாளர். பனியன் கம்பெனிகளிலும் மில் விடுதிகளிலும் இருக்கும் மூன்று லட்சம் தொழிலாளர்களுக்காக, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஒன்றை அரசு தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. தேர்வுக் குழுவில் இரண்டே பேர். மனநல மருத்துவர் ஜெயசீலனும் வேதவல்லியும். அன்று மாலை ஐந்து மணிக்குள் இருவர் கையெழுத்தோடும் கோப்பு சென்னைக்குப் போயாக வேண்டும்.

வந்தவை மூன்று. முதலாவது மணிக்கட்டில் கட்டும் பட்டை. நாடியும் தூக்கமும் கெட்டால் விடுதி வார்டனுக்கும் காவல் நிலையத்துக்கும் அதுவே தகவல் சொல்லிவிடும். சோதனையின்போது பாதிப் பெண்கள் அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். வாசலில் போலீஸ் வந்து நிற்கும் என்று தெரிந்தால் யார்தான் கட்டுவார்கள்.

இரண்டாவது, ஒரு கையேடும் ஆறு நாள் பயிற்சியும். வார்டன், லைன் சூப்பர்வைசர், கேண்டீன் அக்கா என்று ஆட்களைப் பொறுக்கி, எப்படிக் கேட்பது, எப்படிக் காது கொடுப்பது, எந்த மருத்துவரிடம் கூட்டிப் போவது என்று சொல்லித் தருவது. நல்ல சரக்கு. ஆனால் போதுமான ஆட்கள் தேறி வர நாலு வருடமாவது ஆகும்.

மூன்றாவதன் பெயர் 'உடன்'. தவிப்பில் இருக்கும் ஒருவரை ஒரு தன்னார்வலரோடு இணைத்து, தினமும் பதினைந்து நிமிடம் பேச வைக்கும் செயலி. யாருக்கு யார் ஒத்துப்போவார் என்பதைக் குரலைக் கேட்டே அது முடிவு செய்யும். ஒன்பதாயிரம் பேரிடம் ஓட்டிப் பார்த்ததில் இறப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வாங்குவதற்கு முன் உபயோகித்துப் பார்ப்பது குழுவின் வழக்கம். முதல் வாரம் வேதவல்லி கற்பனையாக ஒரு பெண் மாதிரி அதனிடம் பேசிப் பார்த்தாள். பிறகு தன்னார்வலராகச் சேர்ந்தாள். செயலி அவளுக்குச் சென்னியப்பனைக் கொடுத்தது. அவிநாசிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, கட்டிங் மாஸ்டர். மனைவி தவறி இரண்டு வருடம். போன வருடம் இயந்திரத்தில் இரண்டு விரல் போனது. இடர் நிலை: மிக அதிகம்.

அவரைப் பற்றித் தினமும் அவள் குறிப்பு எழுதினாள். தொழில் புத்தி எங்கே போகும். 'தன் கதையைச் சொல்வதில்லை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, நேற்று குரல் ஏன் கம்மியிருந்தது என்று கேட்பவரையே திருப்பிக் கேட்கிறார். தவிர்க்கும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. கூடுதல் கவனம் தேவை.' பதினாலாம் நாள் 'தவிர்க்கும் போக்கு' என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு அவிநாசி காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள். பத்து நிமிடத்தில் உதவி ஆய்வாளர் திரும்பக் கூப்பிட்டார்.

"ரூமு பூட்டியிருக்குதுங்க மேடம். பக்கத்து வூட்டம்மா மத்தியானம் கெளம்பிப் போனாருன்னு சொல்றாங்க."

"எங்க போறேன்னு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்களாம். சலவைச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு நல்லாத்தான் போனாருங்கறாங்க. அந்தம்மா கல்யாண வூட்டுக்குன்னு நெனச்சுக்கிச்சுங்க."

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவது கல்யாணத்துக்கு மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். ஏழு மாதத்துக்கு முன் இதே மேசைக்கு எதிரே மேகலா என்ற பத்தொன்பது வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மில் விடுதிப் பெண். வேதவல்லி பதினாலு கேள்வியும் கேட்டாள், பதினாலையும் படிவத்தில் ஏற்றினாள், கூட்டிப் பார்த்து 'இடர் குறைவு' என்று எழுதினாள். பதினோராம் நாள் மேகலா இல்லை. விசாரணை நடந்தது. 'படிவம் முறையாக நிரப்பப்பட்டுள்ளது, பணியாளர் மீது தவறில்லை' என்று அறிக்கை வந்தது. எல்லோரும் அவளைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்த அறிக்கையைவிட ஒரு மெமோ கொடுத்திருந்தால் அவள் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

நாலு மணிக்கு டாக்டர் ஜெயசீலன் கோப்போடு வந்தார். கூடவே 'உடன்' நிறுவனத்தின் பொறியாளர் நிரஞ்சனா. முப்பது வயது இருக்கும். கையெழுத்து ஆகப்போகிறது என்று நல்ல புடவை கட்டி வந்திருந்தாள்.

"சென்னியப்பன் எடுக்கல சார். வீட்டுலயும் இல்ல," என்றாள் வேதவல்லி. "அவரு பதிவு எனக்கு இப்பவே வேணும். கடைசியா எங்க இருந்தாரு, செயலிகிட்ட என்ன சொன்னாரு, எல்லாமே."

"மேடம், ஜோடிப் பதிவை நாங்களே திறக்க முடியாது," என்றாள் நிரஞ்சனா. "இயந்திரம்தான் இணைக்குது. எங்க ஆளுங்க யாரும் பாக்கறதில்லை. அந்தரங்கம்."

"உயிருக்கு ஆபத்துன்னா மருத்துவர் திறக்கலாம்னு உங்க ஒப்பந்தத்துலயே இருக்குது. பன்னெண்டாம் பக்கம்," என்றாள் வேதவல்லி.

டாக்டர் விரலை நீட்டினார். நிரஞ்சனா தன் பலகைக் கணினியில் அவர் ரேகையைப் பதித்தாள். பதிவு திறந்தது. அவள் திரையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். வேதவல்லியை மட்டும் பார்க்கவில்லை.

"சார், இதை நீங்க மட்டும் பாருங்களேன்."

"ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா?" என்று வேதவல்லி திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஜோடி எண் 4417. ஒரு பக்கம்: சென்னியப்பன், இடர் நிலை மிக அதிகம், துணை வேதவல்லி. இன்னொரு பக்கம்: வேதவல்லி, வயது நாற்பத்தாறு, இடர் நிலை மிக அதிகம், துணை சென்னியப்பன்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது என்ன?"

நிரஞ்சனா திரையைப் பார்த்தே பேசினாள். "எல்லா ஜோடியும் இப்படித்தான் மேடம். தன்னார்வலர்னு தனியா யாரும் கிடையாது. ரெண்டு பேருமே தவிக்கறவங்க. உங்ககிட்ட அவரைப் பாத்துக்கச் சொல்லும். அவர்கிட்ட உங்களைப் பாத்துக்கச் சொல்லும். ஒருத்தர் விஷயம் இன்னொருத்தருக்குத் தெரியாது."

"பொய் சொல்றீங்க. ஒன்பதாயிரம் பேர்கிட்டயும்."

"உனக்கு உதவி வேணுமான்னு கேட்டா நூத்துக்கு எண்பது பேர் வேண்டாம்னு ஃபோனை வெச்சுடறாங்க மேடம். ஒருத்தருக்கு உதவி பண்றியான்னு கேட்டா யாரும் வெக்கறதில்லை. நாளைக்கு மூணரைக்கு நமக்காக ஒருத்தர் காத்திருப்பார்னு தெரிஞ்சா, நாளைக்கு மூணரை வரைக்கும் இருக்காங்க. நாங்க கண்டுபிடிச்சது அவ்வளவுதான்."

"என்னை எதுக்கு இதுல போட்டுச்சு? நான் குழு உறுப்பினர். சோதனைக்கு வந்தவ."

டாக்டர் மெல்லக் கேட்டார், "வேதவல்லி, முதல் வாரம் கற்பனையா ஒரு ஆளைச் சொல்லிப் பேசுனீங்கல்லா. என்ன கதை சொன்னீங்க?"

அந்தக் கற்பனைப் பெண்ணுக்கு வேதவல்லி கோமதி என்று பெயர் வைத்திருந்தாள். வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் பார்த்துக்கொண்ட ஒரு சின்னப் பெண் போய்விட்டாள். அன்றிலிருந்து கோமதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஏழு நாளும் கோமதியின் கதையை விவரம் பிசகாமல் சொல்லிவிட்டு, 'நடிப்பு நன்றாக வந்தது' என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். ஊரையே பரிசோதிக்கிறவள். வருடா வருடம் பணியாளர் நலப் படிவம் வந்தால் கேள்வியைப் படிக்காமலே பத்துக்கும் 'இல்லை' என்று போட்டுக் கொடுப்பவள். எந்தப் பதிலுக்கு என்ன மதிப்பெண் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

"அது கதை சார்," என்றாள்.

"இயந்திரம் அதை நடிப்புன்னு எடுத்துக்கல மேடம்," என்றாள் நிரஞ்சனா.

பயம் இருந்த இடத்தில் இப்போது கோபம் வந்து உட்கார்ந்தது. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

"அம்மிணி, நான் சொல்றதைக் கேளு. அந்த மனுசன் போன எடுக்கலீன்னு அரை மணி நேரமா எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும். நான் படிச்சவ, பழகினவ. இதே அரை மணி நேரம் ஒரு விடுதிப் பொண்ணுக்கு வந்தா? பாத்துக்கோன்னு ஒரு உசுரைக் கையில குடுத்து, அந்த உசுரு போயிட்டா, அந்தப் பொண்ணு கதி என்ன? ஏற்கெனவே வெளிம்புல நிக்கறவ தலையில இன்னொரு ஆளை ஏத்தி வெப்பீங்களா? அப்படி நடந்திருக்குதா இல்லையா, அதைச் சொல்லு."



"ஒரு தடவை," என்றாள் நிரஞ்சனா. "ஒருத்தர் போயிட்டார். அவரோட ஜோடி இருக்காங்க. மருத்துவர்கிட்ட போயிட்டிருக்காங்க. தினமும் எங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணித் திட்டுவாங்க. நான்தான் எடுப்பேன். எடுக்காம இருந்ததில்லை."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்று வேதவல்லி கோப்பைத் தள்ளினாள். "கையேடு போதும். நாலு வருசம் ஆனா ஆகட்டும்."

"நாலு வருசத்துல எத்தனை பேரை விட்டுருவோம்னு கணக்குப் பாத்தீங்களாம்மா?" என்றார் டாக்டர். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவரும் அதையேதான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"அவரு எங்கன்னு மொதல்ல பாருங்க."

நிரஞ்சனா பதிவில் கீழே போனாள். "மத்தியானம் ஒண்ணு பத்துக்குச் செயலிகிட்ட ஒரு வரி சொல்லியிருக்கார். 'நேத்து அவங்க பேசுனது எனக்குச் சரியாப் படலீங்க, நான் நேர்லயே போறேன்.' அதுக்கப்புறம் பஸ்ல இருந்திருக்கார். ரெண்டே கால்ல இருந்து ஒரே இடத்துல நிக்குது. மேடம், அது... இந்த வளாகம்தான். கீழ வாசல்ல."

வேதவல்லி எழுந்து கதவுக்குப் போவதற்குள் கதவு தட்டப்பட்டது. காவலாளி ஒருவரை உள்ளே விட்டுவிட்டுப் போனார். ஒல்லியான மனிதர். சலவைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. வலது கையில் மடித்த காகிதம். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தவர், "வேதா மேடம் யாருங்க?" என்றார்.

அது இருபது நாளாக அவள் காதில் கேட்ட குரல். அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க போனை எடுக்கலீங்க?" என்றுதான் முதலில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"வாசல்ல புடுங்கி வெச்சுக்கிட்டாங்க மேடம். திங்கக்கெழமையாம், மனு குடுக்கற நாளாம். போனெல்லாம் பையில போட்டுட்டுத்தான் போகோணும்னாங்க. சேரீன்னு குடுத்தா, மனு எங்கங்கறாங்க. மனு இல்லாத ஆளை உள்ள வுட மாட்டாங்களாம். ஒருத்தரப் பாக்கோணும்னு சொல்றேன், வரிசையில நில்லுங்கறாங்க. அப்புறம் மரத்தடியில மனு எழுதறவருகிட்டப் போயி ஒண்ணு எழுதி, வரிசையில நின்னு, நம்பரு வாங்கி..." அவர் காகிதத்தை நீட்டினார். "இதைக் காமிச்சாத்தான் மேல வுடறாங்க."

பேருந்துக்கு ஓட்டுநரே தேவைப்படாத காலம் வந்துவிட்டது. கலெக்டர் அலுவலகத்தில் மனு மட்டும் இன்னும் காகிதத்தில்தான். முத்திரை குத்தி எண் போட்டிருந்தார்கள். வேதவல்லி பிரித்தாள்.

'அனுப்புநர்: க. சென்னியப்பன், அவிநாசி. பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பூர். பொருள்: வேதவல்லி அம்மாளை உயிரோடு இருக்கச் செய்ய வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம். மேற்படி அம்மாள் தங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில் பணிபுரிந்து வருகிறார். நேற்று என்னிடம் பேசும்போது, தன் பொறுப்பில் உள்ள நாற்பத்திரண்டு பேரின் கோப்புகளையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டதாகவும், செவ்வாய்க்கிழமை முதல் எனக்கும் வேறு ஆள் பேசுவார் என்றும் தெரிவித்தார். மாறுதல் உத்தரவா என்று கேட்டதற்கு இல்லை என்றார். விடுப்பா என்று கேட்டதற்கும் இல்லை என்றார். குரல் மிகவும் நிம்மதியாக இருந்தது. இருபது நாளில் அப்படி இருந்ததில்லை. அது எனக்குப் பயமாக உள்ளது. மேற்படி அம்மாள் நல்லவர். ஆகவே ஐயா அவர்கள் உடனடியாக ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அவள் நிமிரவில்லை. பொறுப்புகளை ஒப்படைப்பது, திடீர் நிம்மதி. இரண்டுமே தற்கொலைக்கு முந்தைய அறிகுறிகள் என்று அவளுடைய பயிற்சிப் புத்தகத்தின் எட்டாம் பக்கத்தில் இருக்கின்றன. ஆயிரம் பேருக்காவது அவள் பாடம் எடுத்த பக்கம். சனிக்கிழமை கோப்புகளைக் கட்டிக் கொடுத்தபோது, வேலை சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வரும் வாரத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர் மனுவை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, உக்காருங்க," என்றாள் நிரஞ்சனா சென்னியப்பனிடம். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நீங்க தன்னார்வலர்னு நாங்க சொன்னது..."

"பொய்யிங்களா? அது மூணாம் நாளே தெரியுமுங்க."

"மூணாம் நாளேவா?" என்றாள் நிரஞ்சனா.

"பின்ன என்னங்க. நான் அவங்களப் பாத்துக்கோணும்னு சொல்றீங்க. அவங்க என்னடான்னா, ராத்திரி தூங்குனீங்களா, யாருகூட இருக்கீங்க, தனியா இருக்கறப்ப என்ன நெனப்பு வருதுன்னு வக்கீலாட்டம் கேக்கறாங்க. நடுவுல பேனா ஓடற சத்தம் வேற. நானும் சீக்காளின்னு ஒரு சீட்டு எழுதித்தான் அவங்ககிட்டக் குடுத்திருக்கீங்கன்னு புரிஞ்சு போச்சுங்க. அந்தச் சீட்டும் தப்பில்லீங்களே. போன மாசம் எனக்கும் இருக்க வேண்டாம்னுதான் இருந்துச்சு."

"தெரிஞ்சும் தினம் பேசுனீங்களா?" என்றாள் நிரஞ்சனா. "தெரிஞ்சா யாரும் பேச மாட்டாங்கன்னுதானே நாங்க..."

"அவங்களும்தானுங்க நெலைமை செரியில்லாம தெனம் எனக்காக வந்து பேசுனாங்க. நான் மட்டும் எப்படீங்க போனை வெக்கறது?"

நிரஞ்சனா கணினியை மடியில் கவிழ்த்தாள். ஒன்பதாயிரம் பேரின் மேல் கட்டி எழுப்பிய ரகசியம். அதில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, மறுமுனையில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ. அந்தக் கேள்வியை அவர்கள் யாரிடமும் கேட்டதே இல்லை.

சென்னியப்பன் வேதவல்லியின் எதிரே வந்து நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"மேடம், எனக்குச் சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. செத்துப்போலாம்னு நெனப்பு இருக்குதுங்களா உங்களுக்கு?"

நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வராது, கேட்டால்தான் கதவு திறக்கும் என்று பயிற்சிக்குப் பயிற்சி அவள் சொல்லும் கேள்வி அது. இந்த ஏழு மாதத்தில் அவளைத் தட்டிக் கொடுத்தவர்கள் உண்டு, காபி வாங்கித் தந்தவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

"இருக்குதுங்க," என்றாள் கடைசியில். "மேகலா போனதுல இருந்து இருக்குது."

சென்னியப்பன் தலையாட்டினார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. மேசையில் கோப்பும் மனுவும் அருகருகே கிடந்தன. வேதவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், அந்தச் செயலியில ரெண்டு பேருக்கும் உண்மையைச் சொல்லிரட்டும். ஒவ்வொரு ஜோடிக்குப் பின்னாலயும் கையேடு படிச்ச ஆளு ஒருத்தர் இருக்கோணும், ஒருத்தர் எடுக்கலீன்னா இன்னொருத்தர்கிட்ட உடனே போறதுக்கு. அப்படி இல்லீன்னா வேண்டாம். இது என் கருத்து, அவ்வளவுதான். கையெழுத்து நான் போடக் கூடாது. இன்னைக்கு நான் போட்டா அது செல்லாது."

"சென்னைக்காரங்க கேட்டா?"

"உறுப்பினருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க. பொய்யில்லையே."

டாக்டர் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். பிறகு மனுவை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் 'சம்பந்தப்பட்ட அலுவலரின் பதில்' என்று கட்டம் போட்டிருந்தது. எல்லா மனுவுக்கும் முப்பது நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும் என்பது விதி. பழக்கதோஷத்தில் வேதவல்லியின் கை பேனாவுக்குப் போனது. மனநலம் என்று வரும் மனுக்களுக்கெல்லாம் இத்தனை வருடமாகப் பதில் எழுதியது அவள்தான். பாதியில் நிறுத்தி, பேனாவை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க எழுதுங்க சார். இது என்னைப் பத்தின மனு."

அவர் எழுதினார். 'மனு ஏற்கப்பட்டது. மேற்படி நபருக்கு இன்று மாலை 4.52 முதல் சிகிச்சை தொடங்கப்பட்டது. தனியே விடப்படவில்லை.' கையெழுத்திட்டு, மனுதாரர் படித்துப் பார்த்துக்கொள்ளச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.